விருந்தில் கொடுத்த வாக்கு

போன வியாழக்கிழமை கீழ்வீட்டு ரதி அக்கா என் கதவைத் தட்டினார். கையில் கரண்டி. முகத்தில் கோபம்.

"தங்கச்சி, ஒருக்கா கீழை வாரும். இந்த மனிசனுக்கு நான் சொல்லி ஏறுதில்லை. நீர் படிச்ச ஆள், நீராவது கதைச்சுப் பாரும்."

படித்த ஆள்! நான் என்ன படிக்கிறேன் என்று தெரிந்திருந்தால் அக்கா கூப்பிட்டிருக்கவே மாட்டார். இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலோ சாக்ஸன், அதாவது பழைய ஆங்கிலக் கவிதைகள். வாள், கேடயம், மது விருந்து, செத்துப்போன தலைவன்... "இங்கிலீஷ் படிக்க இங்கிலாந்து கிடைக்கலையாடி? இத்தாலியில பலேர்மோதான் கிடைச்சுதா?" என்று மதுரையிலிருந்து அம்மா இன்னமும் கேட்கிறாள்.

விஷயம் இதுதான். அக்காவின் கணவர் செல்வம் அண்ணா மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு சின்ன ரெஸ்டாரண்டில் சமையல்காரர். கோடையில் மட்டும்தான் அங்கே வேலை. இந்தக் கோடையில் கூட்டமும் இல்லை. மற்ற ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, மிச்சம் முதலாளி நினோவும் அண்ணாவும் மட்டும். இந்த நேரம் பார்த்து நகரத்து நடுவில், பொலிதேயாமா பக்கம் ஒரு ஹோட்டலில் அண்ணாவைக் கூப்பிடுகிறார்கள். வருஷம் முழுக்க வேலை, நிரந்தர ஒப்பந்தம். இங்கே தங்குவதற்கான பெர்மெசோவைப் புதுப்பிக்கும்போது அந்த ஒப்பந்தம் கையில் இருந்தால் பாதிக் கவலை தீரும். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணா மாட்டவே மாட்டேன் என்கிறார்.

"போன சீசன் முடிய எல்லாருமா இருந்து சாப்பிட்டனாங்கள், பிள்ளை. நான் எழும்பி, கிளாசைத் தூக்கிச் சொன்னனான். நீங்கள் இருக்குமட்டும் நான் உங்களை விட்டிட்டுப் போகமாட்டன் எண்டு. நினோ அழுதவர். இப்ப எப்பிடிப் போறது?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. அசல் ஆங்கிலோ சாக்ஸன்! வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா?

"அண்ணா, நான் படிக்கிற கவிதையில அப்படியே இதுதான்" என்று ஆரம்பித்தேன். தலைவன் தன் மண்டபத்தில் விருந்து வைப்பான். மோதிரமும் வாளும் பரிசு கொடுப்பான். வீரர்கள் மதுக்கோப்பையை ஏந்தி, எல்லோரும் கேட்க வாக்குக் கொடுப்பார்கள். அதைக் காப்பாற்ற வேண்டிய இடம் போர்க்களம். தலைவன் விழுந்துவிட்டால், தோல்வி உறுதி என்று தெரிந்தாலும், அவன் பக்கத்திலேயே நின்று சாக வேண்டும். தப்பி வீடு திரும்பியவனுக்கு ஆயுள் முழுக்க அவமானம்.

அண்ணா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓம்! கேட்டீரே ரதி? வெள்ளைக்காரனும் அதைத்தான் சொல்லுறான்."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கரண்டியோடு இருந்தார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

"அப்பிடி நிண்டு செத்தவையின்ரை பெண்சாதிமார் என்ன செய்தவை? அதையும் ஆரும் பாடினவையோ?"

பாடியிருக்கிறார்கள், கொஞ்சமாக. தனித்து விடப்பட்ட பெண்ணின் புலம்பலும் அந்தக் கவிதைகளில் உண்டு. ஆனால் வாக்குக் கொடுக்கும் முன் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. இதை எந்த வாயால் சொல்வது? மாடியேறிவிட்டேன்.

மறுநாள் காலை அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு மொண்டெல்லோ பஸ்ஸில் ஏறினார். அண்ணா மீன் வாங்கப் போகும் நேரம் அவருக்குத் தெரியும். "அங்கை வந்து கவிதை கிவிதை ஒண்டும் சொல்லக்கூடாது" — இது எனக்கு உத்தரவு.

நினோ எழுபதைத் தாண்டியவர். யாரும் வராத மேஜைகளுக்கு விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா சுற்றி வளைக்கவில்லை. நல்ல இத்தாலிய மொழியில் நேராகவே கேட்டார்.

"சினியோர் நினோ, இந்தக் கடையை நடத்த உங்களுக்கு இன்னும் விருப்பமா?"

மனிதர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். அண்ணா வரவில்லை என்று உறுதியானதும் மளமளவென்று கொட்டினார். முழங்கால் இரண்டும் போய்விட்டதாம். மிலானில் இருக்கும் மகள் வந்துவிடு வந்துவிடு என்று நச்சரிக்கிறாளாம். போன வருஷமே கடையை மூட முடிவு செய்துவிட்டாராம். அதைச் சொல்லத்தான் அந்த விருந்தே! சொல்ல வாயெடுத்த நேரத்தில் செல்வம் எழுந்து கிளாசைத் தூக்கியிருக்கிறார்.

"அவன் அப்படிச் சொன்ன பிறகு நான் எப்படி மூடுவது, சினியோரா?"

அதற்குத்தான் அழுதாராம்!

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முதலில் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். "ரெண்டும் ரெண்டு விசர்" என்றார் என்னிடம். நம்ம ஊர்ப் பேச்சில், பைத்தியம். அதற்குள் மீன் பெட்டியோடு அண்ணா வந்துவிட்டார்.

"இஞ்சை என்ன செய்யிறியள்?"

நினோவே எல்லாவற்றையும் சொன்னார். அண்ணா மீன் பெட்டியைக் கீழே வைத்தார். அவருக்கு வலித்தது, பார்க்கவே தெரிந்தது. ஒரு வருஷமாகத் தான் தாங்கிப் பிடித்ததாக நினைத்த மனிதரை, தானே பிடித்து வைத்திருந்தோம் என்று தெரிந்தால் யாருக்குத்தான் வலிக்காது? கடைசியில், "சரி, மீன் வாங்கியாச்சு. சமைப்பம்" என்று உள்ளே போனார். நான்கு பேரும் சாப்பிட்டோம். ஹோட்டலுக்கு அண்ணா அங்கிருந்தே போன் போட்டார், வாறன் என்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். அந்த விசுவாசத்தில் பொய்யே இல்லை, அதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் அத்தனை போர்க்களங்களில் ஒரு வீரனாவது தலைவன் பக்கம் திரும்பி, "ஐயா, உங்களுக்கு வீட்டுக்குப் போகணுமா?" என்று கேட்டிருக்கலாம்.

கவிதை நாலே வரியில் முடிந்திருக்கும்... ஆட்கள் பிழைத்திருப்பார்கள்.