எடுக்க எடுக்கக் குறையாத கார்

நெரியோ கசோலாரி ஒரு கார் கம்பெனியில் காரின் வேகத்தைக் குறைத்துச் சம்பளம் வாங்கியவர். வேகத்தைக் கூட்டுவதற்கு அங்கே எஞ்சினியர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். குறைப்பதற்கு அவர் ஒருவர்தான். தொழிற்சாலையில் அவருக்குப் ‘பிரேக்’ என்று பெயர். கான்டீனில் பாஸ்தா பரிமாறுகிறவள் முதல் முதலாளியம்மா வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். மனைவி யோலாண்டா மட்டும் சொந்தப் பெயரைச் சொல்வாள், அதுவும் கோபம் இல்லாத நாட்களில்.

1939 நவம்பரில், இத்தாலியில் பனாரோ ஆற்றங்கரையில் இருக்கும் சவின்யானோவில் பிறந்தார். அப்பாவுக்குச் செர்ரிப் பழத்துக்கு மரப்பெட்டி அடிக்கிற வேலை. நெரியோ பதினேழு வயதில், ஆற்றுக்கு அக்கரையில் வின்யோலாவில் இருந்த தாராபினி கார் தொழிற்சாலையில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். 1965இல் அவரைச் சோதனை ஓட்டுநர் ஆக்கினார்கள். பயப்படாமல் ஓட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். அதற்காக அவரை எடுக்கவில்லை. இரண்டு கார்களை அடுத்தடுத்து ஓட்டிவிட்டு, இதில் என்ன இருக்கிறது, அதில் என்ன இல்லை என்று இறங்கியதும் சொல்லத் தெரிந்ததால் எடுத்தார்கள்.

கம்பெனியை ஆரம்பித்த கிழவர் அமில்காரே தாராபினி ஒரு விதி வைத்திருந்தார். அதிகம் பணம் கொடுத்தவனின் பின்கண்ணாடியில், குறைவாகக் கொடுத்தவனின் கார் பெரிதாகிக்கொண்டே வரக் கூடாது. அவ்வளவுதான் விதி. அவர் செய்த கார்கள் எல்லாம் மாடிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. உச்சியில் பன்னிரண்டு சிலிண்டர் சொவ்ரானா. அதற்கு ஒரு படி கீழே எட்டு சிலிண்டர் மார்க்கேசா. புதிதாக எது வந்தாலும் தன் படியில் நிற்க வேண்டும், மேல் படியில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் நெரியோவைக் கூப்பிடுவார்கள்.

அவர் அதை வெட்டு வேலையாகச் செய்யவில்லை. நல்ல தையற்காரர் இடுப்பில் அரை விரல் பிடிக்கிற மாதிரி செய்தார். எஞ்சினுக்குக் காற்று போகிற வாயைக் கொஞ்சம் சுருக்குவார். ஸ்பிரிங்கை ஒரு பங்கு மென்மையாக்குவார். சைலன்சரில் ஒரு தகடு கூட வைப்பார். எடுத்தது தெரியக் கூடாது என்பதில் அவருக்குப் பெருமை இருந்தது. மார்க்கேசா 1984இல் வெளிவந்தபோது பத்திரிகைக்காரர்கள் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, சொவ்ரானாவின் அடக்கமான தங்கை என்று எழுதினார்கள். அந்த அடக்கத்தை அதற்குச் சொல்லிக்கொடுத்தவர் நெரியோ என்று எவரும் எழுதவில்லை. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை.

1997 வசந்த காலத்தில் சின்னவள் வந்தாள். காருக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பட்டறையில் இருந்தவர்கள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஆறு சிலிண்டர், எஞ்சின் ஓட்டுகிறவனின் முதுகுக்குப் பின்னால், இரண்டே இருக்கை. செய்தவர் பிளாவியோ பெனெதுசி என்ற எஞ்சினியர், முப்பத்தைந்து வயது, பக்கத்து ஊரான ரெஜ்ஜோக்காரர். வின்யோலா இருக்கிற மோதெனா பக்கத்து ஆட்களுக்கு ரெஜ்ஜோக்காரர்களைச் சீண்டாமல் சோறு இறங்காது. நெரியோ காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ரெஜ்ஜோக்காரன் தலை சதுரம்னு சொல்வாங்க. இது உருண்டையா வந்திருக்கே, யாரு வரைஞ்சு குடுத்தா?” என்று கேட்டார்.

“வரைஞ்சது நான்தான். நீங்க அதைச் சதுரமாக்காம இருந்தாச் சரி, பிரேக்” என்றார் பெனெதுசி.

அமில்காரே இறந்த பிறகு கம்பெனியை நடத்தியது அவர் மகள் ஒத்தாவியா. அறுபத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், யார் முகத்துக்கும் பயந்து பேசாதவர். அவர் கொடுத்த உத்தரவு தெளிவாக இருந்தது. சின்னவள் மார்க்கேசாவுக்கு ஒரு படி கீழே நிற்க வேண்டும். கோடை விடுமுறைக்குத் தொழிற்சாலை மூடுவதற்குள் நிற்கவில்லை என்றால் திட்டத்தை மூடிவிட வேண்டியதுதான். மார்க்கேசாவின் விற்பனையைத் தின்கிற காரைச் செய்ய அவரிடம் பணம் இல்லை.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. செர்ரி மரங்கள் பூத்திருந்தன. நெரியோ முதலில் மார்க்கேசாவை எடுத்துக்கொண்டு வின்யோலாவிலிருந்து குவில்யா வழியாக மலையேறி ஜோக்கா ஊர்ச் சதுக்கம் வரை போய்த் திரும்பினார். பிறகு அதே சாலையில் சின்னவளை ஓட்டினார்.

குவில்யாவுக்கு முன்னால் வருகிற வளைவுகளில் அவருக்கு என்னவோ செய்தது. அந்தச் சாலையை அவர் முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறார். எந்த வளைவில் தார் பிளந்திருக்கும், எந்தப் பண்ணை வாசலில் நாய் படுத்திருக்கும் என்று தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் சாலை அவர் உள்ளங்கைக்குள் வந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினார் என்று சொல்ல முடியாது. திருப்ப வேண்டும் என்று நினைத்தார், கார் திரும்பியிருந்தது. ஜோக்காவில் இறங்கியவர் காரைத் திரும்பிப் பார்த்தபடி நின்றார். பெரிய கோயிலுக்குள் முதல்முறை தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தவன் நிற்கிற நிலை அது.

மார்க்கேசாவைவிடச் சின்னவள் வேகம் என்பதைக் கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தார்.

சரி, வேலை வேலைதான் என்று குறைக்க ஆரம்பித்தார். முதலில் எஞ்சினின் காற்று வாயைச் சுருக்கினார். குதிரைத்திறன் முப்பது போயிற்று. மலையில் ஓட்டிப் பார்த்தால், நேர்ச் சாலையில் கொஞ்சம் பின்தங்கினாள். வளைவில் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். பின்பக்கம் தள்ளுகிற மூர்க்கம் போய்விட்டதால் ஓட்டுகிறவன் முன்பைவிடச் சீக்கிரமே ஆக்சிலரேட்டரை மிதிக்க முடிந்தது. அடுத்து அகலமான டயரை எடுத்துவிட்டுக் குறுகிய டயர் மாட்டினார். பிடிப்பு குறைந்தது; ஆனால் அந்தப் பிடிப்பு எங்கே முடிகிறது என்பதை முன்சக்கரம் காதோடு காதாகச் சொல்வதுபோல் ஸ்டீயரிங் வழியாகச் சொன்னது. எஞ்சின் சத்தம் உள்ளே வராமல் இருக்கப் போட்ட மெத்தையைக் கழற்றி, மலிவான காராக்கிப் பார்த்தார். எடை குறைந்து இன்னும் துள்ளினாள்.

மே மாதம் முழுக்க இப்படிப் போயிற்று. ஒவ்வொன்றாக எடுத்தார். எடுக்க எடுக்க, பளிங்குக் கல்லில் வேண்டாததைத் தட்டினால் உள்ளே இருக்கிற உருவம் தெரிவது மாதிரி, அவள் தெரிந்துகொண்டே வந்தாள். வீட்டில் யோலாண்டா தட்டில் வைத்த தொர்த்தெல்லினி பாஸ்தா ஆறிப்போகும்; இவர் கை மேஜைமேல் வளைவு போட்டுக்கொண்டிருக்கும். “யாரு அவ?” என்று அவள் ஒருநாள் கேட்டாள். சொன்னார். பொறாமைப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் யோலாண்டா பாலாடைக்கட்டியை அவர் தட்டில் துருவிக்கொண்டே போனாளாம், கை வலிக்கிறவரை.

ஜூன் கடைசியில் அவருக்கு வழி கிடைத்தது. கார் வளைவில் சாயாமல் பிடிப்பதற்கு முன்சக்கரங்களுக்கு நடுவே ஓர் இரும்புத் தண்டு உண்டு. அதை எடுத்துவிட்டு அதைப் போல் இரண்டு மடங்கு தடிமனான தண்டை மாட்டினார். மலையேறினார். முதல் வளைவிலேயே முன்சக்கரங்கள் திரும்ப மாட்டேன் என்று வெளிப்பக்கம் இழுத்தன. ஸ்டீயரிங் மரத்துப்போனது. ஜோக்கா சேர்ந்தபோது கடிகாரம் சரியான இடத்தில் நின்றது. மார்க்கேசாவுக்கு ஒரு படி கீழே, கிழவர் விதிப்படி.

பட்டறைக்குத் திரும்பி வந்தவர் காரைவிட்டு இறங்கவில்லை. பெனெதுசி வந்து ஜன்னலில் குனிந்தார்.

“நின்னாளா?”

“நின்னுட்டா.”

“அப்போ கார் வெளிய வந்துரும். வந்தாப் போதும்யா. தண்டை அடுத்த வருஷம் மாத்திக்கலாம்.”

நெரியோ அவரைப் பார்த்தார். “நான் குறைச்சது எதையும் அடுத்த வருஷம் யாரும் திருப்பி வைச்சதில்ல, எஞ்சினியர். மார்க்கேசாவைக் கேட்டுப் பாருங்க.”

பெனெதுசிக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் தண்டைக் கழற்று என்று அவர் சொல்லவில்லை. நான்கு வருஷ உழைப்பு அந்த இரும்பில் தொங்கியது. அதைக் கழற்றினால் நல்ல கார் இருக்கும், ஆனால் யாரும் ஓட்ட மாட்டார்கள். மாட்டினால் எல்லோரும் ஓட்டலாம், ஆனால் ஓட்டுவது அவளை அல்ல. நெரியோ வாழ்நாள் முழுக்கச் செய்தது இதைத்தான். இதுவரை ஒருமுறைகூட அவருக்குக் கை கூசியதில்லை.

மறுநாள் காலை அவரே தண்டைக் கழற்றினார். பழைய தண்டை மாட்டினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு மாடியேறி ஒத்தாவியாவின் அறைக்குப் போனார். படியில் நிற்க வைக்க ஒரு வழி உண்டு, செய்தும் பார்த்தாயிற்று, ஆனால் அப்படிச் செய்து கையெழுத்துப் போடத் தனக்கு மனமில்லை என்றார். திட்டத்தை மூடுவதாக இருந்தால் மூடிவிடுங்கள், அதற்கு முன்னால் ஒரே ஒருமுறை நீங்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டார்.

ஒத்தாவியா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “உன் பேரு பிரேக். பிரேக்கே பிடிக்க மாட்டேங்குதுன்னா நான் எங்க போய் முட்டிக்கிறது?”

ஆனால் சாவியை வாங்கிக்கொண்டார். குதி உயர்ந்த செருப்பைக் கழற்றிப் பக்கத்து இருக்கையில் இருந்த நெரியோவின் காலடியில் எறிந்துவிட்டு, வெறுங்காலோடு ஓட்டினார். அப்பாவின் கார்களில் வளர்ந்தவர், நன்றாகவே ஓட்டுவார். ஊரைத் தாண்டும்வரை விற்பனை மேலாளரைத் திட்டிக்கொண்டே வந்தார். மலை ஆரம்பித்தது. இரண்டாவது வளைவில் பேச்சு நின்றது. குவில்யா கோட்டை போனது, கஷ்கொட்டை மரங்கள் வந்தன. நெரியோ ஓரக்கண்ணால் பார்த்தார். கிழவிக்கு வாய் லேசாகத் திறந்து, ஜன்னலோரம் உட்கார்ந்த சிறு பெண்ணின் முகமாக ஆகியிருந்தது.

ஜோக்கா சதுக்கத்தில் காப்பிக் கடை முன்னால் நிறுத்தினார். காப்பி வந்தது, குடிக்கவில்லை.

“மார்க்கேசாவைப் பிடிச்சிருவாளா?” என்று கேட்டார்.

“இந்த ரோட்டுல பிடிச்சிருவா, சின்யோரா.”

“சொவ்ரானாவை?”

நெரியோ தயங்கினார். “அதையும்தான்.”

“சொவ்ரானா வாங்கறவன் இந்த ரோட்டுக்கு வரமாட்டான். மொனாக்கோல ஓட்டல் வாசல்ல நிறுத்திட்டு மேல இருந்து பாத்துக்கிட்டிருப்பான்.” கோப்பையைத் தள்ளி வைத்தார். “மார்க்கேசா வாங்கறவன்?”

“பொண்டாட்டியோட மிலானுக்குப் போவான். பெட்டி ரெண்டு இருக்கும்.”

“இதுல பெட்டி வைக்க இடம் இருக்கா?”

“பல் துலக்குற பிரஷ் வைக்கலாம்.”

ஒத்தாவியா அப்போதுதான் காப்பியை எடுத்தார். “எங்கப்பா சொன்னது, குறைச்சுக் குடுத்தவன் துரத்தக் கூடாதுன்னுதானே? குறைச்சுக் குடுக்கலன்னா?”

நெரியோவுக்கு உடனே புரியவில்லை. ஒத்தாவியா விளக்கினார். சின்னவளுக்கும் மார்க்கேசாவுக்கும் ஒரே விலை, ஒரு லீரா வித்தியாசம் கிடையாது. இது கீழ்ப்படி இல்லை, வீட்டுக்குப் பக்கவாசல். ஏர்கண்டிஷன் கிடையாது, தோலில் வேறு நிறம் கேட்டால் கிடையாது, பெட்டிக்கு இடம் கேட்டால் மார்க்கேசாவைக் காட்டு. அந்தக் காரை வாங்குகிறவன் எங்கேயாவது போய்ச் சேர வாங்குகிறான். இதை வாங்குகிறவனுக்குப் போய்ச் சேர்ந்தால் வருத்தமாக இருக்க வேண்டும்.

“ஒருத்தன் வாசல்ல இன்னொருத்தன் நிக்க மாட்டான்” என்று முடித்தார். “அப்புறம் இன்னொன்னு, நெரியோ. விலைப் புத்தகத்துல எல்லாக் காருக்கும் சோதனை ஓட்ட நேரம் போடறோமில்ல, இதுக்குப் போடாதே. எடுத்திருந்தாக் கிழிச்சுப் போடு. நேரத்தைப் போட்டா, அடுத்த நிமிஷமே ஜனங்க அதைப் படியில ஏத்திடுவாங்க.”

முப்பது வருஷத்தில் அவர் நெரியோ என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. நெரியோ தலையை ஆட்டினார்.

விற்பனை மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். ஆறு சிலிண்டர் காருக்கு எட்டு சிலிண்டர் விலையா, பைத்தியமா என்று கேட்டார். ஒத்தாவியா அவரைக் காரில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தி, நெரியோவை ஓட்டச் சொன்னார். திரும்பி வந்தபோது மேலாளர் விலையைப் பற்றிப் பேசவில்லை. பெயர் மட்டும் கேட்டார். பெனெதுசி ‘ஒர்த்திகா’ என்று வைத்தார். அப்படியென்றால் செந்தட்டிச் செடி, அந்த மலைச்சாலை ஓரமெல்லாம் வளரும், தொட்டால் சுரீர் என்று ஏறும்.

அடுத்த மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஒர்த்திகாவை மார்க்கேசாவின் பக்கத்தில், அதே உயர மேடையில் நிறுத்தினார்கள். நெரியோவுக்குக் கோட்டு மாட்டி, காருக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மத்தியானம் சூரிக்கைச் சேர்ந்த டாக்டர் ஒருவர் வந்தார். விலைப் பலகையைப் படித்தார், மார்க்கேசாவின் பலகையைப் படித்தார், மறுபடி இதைப் படித்தார்.

“எட்டு சிலிண்டர் காரும் இதுவும் ஒரே விலையா? அப்படின்னா இது எவ்வளவு வேகம்?”

“தெரியாதுங்க” என்றார் நெரியோ. “நேரம் எடுக்கல.”

தன் தொழிலில் அவர் முதல்முறையாகச் சொன்ன பொய் அது. டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கேலி செய்கிறாரா என்று யோசித்ததுபோல் இருந்தது. நெரியோ கதவைத் திறந்துவிட்டார். டாக்டர் குனிந்து உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். கண்ணாடிக்கு வெளியே கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்த காரின் ஸ்டீயரிங்கை, ஏதோ ஒரு வளைவு வருவதுபோல, மெதுவாக இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

நெரியோ கதவைப் பிடித்தபடியே நின்றார். இறங்குங்கள் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.