கலேகாவுக்கு ஓர் ஊளை

பிரேசில் கடற்கரையில் இருக்கிற எங்கள் ஃபோர்த்தலேசாவில் யாராவது கால் தடுக்கி விழுந்தால் முதலில் காதில் விழுவது அவருடைய அலறல் அல்ல, ஊராரின் ஊளை. "ஏஏஏய்ய்!" என்று தெருவே சேர்ந்து கத்தும். பரிமாறுகிறவன் தட்டைக் கீழே போட்டால் ஊளை. மாப்பிள்ளை கைநடுங்கி மோதிரத்தைத் தவறவிட்டால் தேவாலயத்துக்குள்ளேயே ஊளை. மழை நாளில் மேகத்தை விலக்கிக்கொண்டு வெயில் எட்டிப் பார்த்தால் வெயிலுக்கும் ஊளை. இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவன் எங்கள் ஊர்க்காரனே அல்ல.

இப்பேர்ப்பட்ட ஊரில் ஓர் ஊளைகூடக் கிடைக்காமல் ஒருத்தி இருந்தாள். அவள்தான் இல்ஸே.

இல்ஸே லாத்வியாக்காரி. சரக்குக் கப்பலில் மின்சார வேலை பார்த்துக்கொண்டு வந்தவள், இங்கே இறங்கிக் கடலில் ஒரு முழுக்குப் போட்டாள். கப்பல் கிளம்பிப் போய்விட்டது, அவள் போகவில்லை. அதற்கு ஆயிற்று பதினைந்து வருடம். கடற்கரைக் கடைகளில் ஃப்ரீஸர் படுத்துவிட்டால் திருப்புளியோடு ஓடி வருகிறவள் அவள்தான். உப்புக்காற்றில் எந்த இயந்திரமும் உருப்படாது என்பதால் வேலைக்குப் பஞ்சமே இல்லை. அவளுடைய பெயர் மட்டும் யார் வாயிலும் நுழையவில்லை. மஞ்சள் முடி வைத்திருக்கிற எல்லாரையும் போல அவளும் 'கலேகா' ஆனாள். வியாழக்கிழமை என்றால் இங்கே ஊரே நண்டு தின்னும். அவளும் தின்ன உட்கார்ந்தால், மரச் சுத்தியலால் அவள் நண்டு ஓட்டை உடைக்கிற லாவகத்தைப் பார்த்து உள்ளூர்க்காரர்களே வாயைப் பிளப்பார்கள். ஆறு மணிக்கு வருகிறேன் என்றால் ஏழரைக்கு வரவும் கற்றுக்கொண்டுவிட்டாள். இன்னும் என்னதான் வேண்டும் இந்த ஊருக்கு?

ஒரு வியாழக்கிழமை, நெவுமாவின் நண்டுக்கடையில் அவள் வழுக்கி விழுந்தாள். சற்று முன்புதான் நெவுமாவின் புருஷன் ஜெனிவால் அதே இடத்தில் வழுக்கி விழுந்து, நடுக்கடலில் இருக்கிற படகுக்கும் கேட்கிற மாதிரி ஓர் ஊளை வாங்கியிருந்தான். அதே ஈரம், அதே தரை. ஆனால் இல்ஸே விழுந்ததும் கடையே பதறிப்போனது.

"ஐயோ பாவம்! கலேகா, அடி கிடி பட்டுதாங்க?" என்று நெவுமா ஓடி வந்தாள். ஒருவன் இளநீரை நீட்டினான். இன்னொருவன் அட்டையால் விசிறினான். இல்ஸேவுக்கு வயிறு எரிந்தது.

"எனக்கு ஏன் யாரும் கத்தல?" என்றாள்.

"எதுக்குங்க கத்தணும்?"

"ஜெனிவால் விழுந்தா கத்துறீங்க. நான் விழுந்தா விசிறி விடுறீங்க."

நெவுமா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நீங்க விருந்தாளிங்க! விருந்தாளியப் பாத்து யாராச்சும் ஊளை விடுவாங்களா? எங்கள என்ன மானங்கெட்டவங்கன்னு நெனைச்சீங்களா?"

"பதினைஞ்சு வருஷமாவா விருந்தாளி?"

"அதுக்கென்னங்க, இன்னும் அம்பது வருஷம் இருங்க!"

இல்ஸே விடுகிற ஆளா? அடுத்த வியாழனன்று காலி கண்ணாடித் தம்ளர்களைத் தட்டோடு தூக்கிக்கொண்டு நடுக்கடைக்கு வந்தாள், தட்டைச் சரித்தாள். தம்ளர்கள் சுக்குநூறாயின. ஓர் ஊளைகூட வரவில்லை. ஜெனிவால்தான் துடைப்பத்தோடு வந்தான்.

"நடிப்புக்கெல்லாம் ஊளை கிடையாதுங்க," என்று ரகசியமாகச் சொன்னான்.

"ஒரே ஒரு தடவை கத்தேன், ஜெனிவால். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு ஊளையாங்க? பொறந்தநாள் பாட்டுங்க!"

அன்றைக்கு அவளே கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தேறியதா என்றால், இல்லை. பேருந்து நிறுத்தத்தில் யாரோ ஒரு கிழவனுக்கு ஊளை கிடைத்தால்கூட அவளுக்கு முகம் தொங்கிப்போகும்.

பிறகொரு வியாழன். நெவுமாவின் ஃப்ரீஸருக்குப் பின்னால் தலையை விட்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தாள் இல்ஸே. கடையில் கூட்டம் நெரிந்தது. சாவ் பாவுலோவிலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கிய ஒரு மனிதர், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக நின்று, மனைவியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். காற்று தொப்பியைத் தூக்கியது. அவர் எட்டிப் பிடித்தார். அது நழுவியது. மறுபடி எட்டினார். மூன்றாவது எட்டில், நண்டு ஓடு கொட்டுகிற பெரிய தொட்டிக்குள் தொப்பென்று உட்கார்ந்தார்.

இல்ஸே தலையை வெளியே எடுத்தது சரியாக அந்த நொடியில்தான்.

"ஏஏஏஏய்ய்ய்!"

அடிவயிற்றிலிருந்து வந்த அசல் ஊளை. எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. கடை முழுக்கச் சுத்தியல்கள் பாதியில் நின்றன. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வந்திருப்பவர் விருந்தாளி! இந்த ஊரில் இன்னும் ஓர் இரவுகூடத் தூங்காத மனிதர்! இல்ஸே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, மன்னிச்சுக்குங்க, தெரியாம..." என்று குளறினாள்.

ஜெனிவாலுக்குத்தான் முதலில் விளங்கியது. "அடியாத்தே! கலேகா விருந்தாளிக்கே ஊளை விட்டுட்டா!"

நெவுமா சுத்தியலைத் தூக்கி மேசையில் ஓங்கி அடித்தாள். "ஏஏஏய்ய்!" என்று இல்ஸேயைப் பார்த்துக் கத்தினாள். பிறகு யாரைப் பிடிப்பது? மேசைக்கு மேசை சுத்தியல் தட்டி ஊளை விட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் விஷயம் தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள். தொட்டிக்குள் இருந்த மனிதரும், பாவம், தன்னால் முடிந்தவரை கத்தினார்.

இல்ஸேவுக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. வாழ்நாளில் அவள் இத்தனை சந்தோஷமாக வெட்கப்பட்டதில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஊர் மானத்தையே வாங்கிட்டியேடி, பாவி!" என்று நெவுமா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்தினாள். "என்னடி இளிப்பு? போ, போயி அந்த மனுஷனத் தூக்கி விடு!"

இல்ஸே அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"இன்னொரு தரம் திட்டுடி," என்றாள்.