தரையில் ஆடிய கரப்பந்து

உள்நாட்டுச் சண்டை முடியும் தறுவாயில் மிதிவெடியில் சிக்கி, வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்துவிட்டு என் சித்தப்பா இராணுவத்திலிருந்து திரும்பி வந்தார். ஹல்துமுல்லைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக இருந்த லயத்து வீடுகளில் எங்களுடையதில் அப்பா அவரைக் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். குளிக்கவும் கழிப்பறைக்கும் தூக்கிக்கொண்டே போவார். செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு சித்தப்பா எழப் பார்த்தால், "நான் இருக்கேன்ல, நீ ஏன் எழும்புற?" என்று மறுபடி உட்கார்த்திவிடுவார். அந்தக் கால் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. எங்கள் பூனை மட்டும் அதில் முதுகைத் தேய்த்துக்கொள்ளும். சித்தப்பா சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று லயமே மெச்சியது. நானும் மெச்சினேன்.

அவரோடு பட்டாளத்தில் இருந்த சிங்கள நண்பர் ஒருவர் ஒருநாள் தேடி வந்தார். அவருக்கும் ஒரு கால் இல்லை. தரையில் உட்கார்ந்தபடியே வலைக்கு மேலால் பந்தை அடித்து ஆடும் கரப்பந்துக்குப் பதுளையில் ஆள் சேர்க்கிறார்கள் என்றார். "நாலு பேர் முன்னால தரையில தவழணுமா?" என்று அப்பா மறுத்தார். சித்தப்பா அன்றுதான் முதல்முறையாக அண்ணனை எதிர்த்துப் பேசினார். பிறகு செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு வாராவாரம் பஸ் ஏறினார். உள்ளங்கைகள் காய்த்துப்போயின. ரொட்டியை இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றார். என் சடையைப் பிடித்து இழுத்துக் கேலி செய்தார்.

முதல் போட்டிக்கு எங்கள் எல்லோரையும் அவரே அழைத்தார். மண்டபத்தில் வலையைத் தாழக் கட்டியிருந்தார்கள். சித்தப்பா கைகளை ஊன்றிச் சறுக்கிச் சறுக்கி நகர்ந்தார். அவர் அடித்த பந்து அந்தப் பக்கம் போய் விழுந்ததும் கத்தினார் பாருங்கள், அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. அடுத்த பந்துக்குப் பக்கவாட்டில் பாய்ந்தவரின் தாடை தரையில் மோதியது. இரத்தம் வந்தது. அவர் சிரித்துக்கொண்டேதான் கையை ஊன்றினார்.

அதற்குள் அப்பா உள்ளே ஓடி, அவரை இரண்டு கைகளாலும் வாரித் தூக்கிவிட்டார். "போதும்டா, வா, வீட்டுக்குப் போவம்." நடுவர் விசில் ஊதினார்.

"எறக்கி விடுண்ணே," என்றார் சித்தப்பா மெதுவாக. அப்பா விடவில்லை. "எறக்கி விடு!" என்று அவர் அலறிய பிறகுதான் அப்பாவின் கைகள் தளர்ந்தன. மிச்ச ஆட்டத்தில் சித்தப்பா ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை.

பதுளையிலேயே அறை எடுத்துத் தங்கப்போவதாக அந்த வாரமே சொல்லிவிட்டார். பின்னாளில் அவர் எத்தனையோ ஊர்களுக்குப் போய் ஆடினார், வென்றார். எங்களை மறுபடி அழைக்கவில்லை. தீபாவளிக்கு வந்தால் விருந்தாளியைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போவார். வேலையில்லாமல் திரிந்த சித்தப்பாவை, "ஒக்காந்து திங்க வெக்கமா இல்லையா?" என்று அப்பா ஏசிய மறுநாள்தான் அவர் பட்டாளத்தில் சேர்ந்தார் என்பதை, நான் பெரியவளான பிறகு அம்மா சொன்னாள்.

பதுளையில் தங்குவதற்காக அவர் வீட்டை விட்டுப் புறப்பட்ட அந்தக் காலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. தோளில் பையுடன், செயற்கைக் காலை ஊன்றி, பாசி படிந்த கற்படிகளில் தனியாக இறங்கினார். நடுவில் ஒருமுறை தடுமாறினார். "அப்பா, விழுந்துருவாரு, போய்ப் புடிங்கப்பா!" என்று கத்தினேன். அப்பா வாசல் நிலையை இறுகப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றார். தம்பி மேல் அவருக்கு இருந்த பாசம் அற்றுப்போய்விட்டது என்று நினைத்து, அன்று முழுவதும் நான் அப்பாவோடு பேசவில்லை.