தீவுக்கு எதிரே கழற்றிய செருப்பு

ஜப்பானில் செருப்பைக் கழற்றினால் மட்டும் போதாது, திருப்பியும் வைக்க வேண்டும். நுனி வாசலைப் பார்க்க, ஜோடியை ஒட்டி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் ஏறுகிறார்கள். கொல்லிமலையில் செம்மேட்டுச் சந்தைக்கே வெறுங்காலோடு போய்வந்த எனக்கு இது முதலில் சிரிப்பாக இருந்தது. கோபே துறைமுகத்தில் மிளகுக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து சில வருஷம் ஆனதும், என் கையும் தானாகத் திருப்பி வைக்கத் தொடங்கிவிட்டது.

அந்தப் பழக்கம் என் கல்யாணப் பேச்சிலும் குறுக்கே வந்தது. கிடங்கில் சாக்குத் தைத்த ஹனாவைப் பெண் கேட்க, மேற்குக் கடலோரத்திலிருந்த அவள் ஊருக்கு அவளோடு ரயிலேறிப் போயிருந்தேன். அவள் அப்பா மீன் பிடிப்பவர். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் கேட்டார், தேநீரைக் குடித்தார், ஒன்றும் பேசாமல் வலையைப் பார்க்க எழுந்து போய்விட்டார். பெண் கேட்டு வந்தவனுக்கு மௌனத்தைவிட வசவே மேல். அவள் இல்லாமல் கோபேக்குத் திரும்புவதை என்னால் நினைக்கவே முடியவில்லை. கால் போன போக்கில் கடற்கரைப் பாறைமேல் போய் நின்றேன்.

எதிரே ஒரு சின்னத் தீவு. நிறைய பைன் மரங்கள், கரையில் ஒரு சிவப்பு வாசல், ஆள் மட்டும் கிடையாது. அது சாமியின் இடம், சுள்ளி பொறுக்கக்கூட யாரும் போவதில்லை என்று ஹனா ரயிலிலேயே சொல்லியிருந்தாள். இதிலென்ன புதுமை? கொல்லிமலையில் எங்கள் பக்கத்து ஊர்களைச் சேர்த்து ஆலத்தூர் நாடு என்போம், அங்கேயும் சாமி சோலையில் யாரும் கத்தி வைப்பதில்லை. காட்டை அளக்க வந்த துரை ஒருமுறை அந்தச் சோலைக்கு எதிரே பூட்ஸோடு நின்றார். "ஏனுங்க, அதக் கழட்டிப்போட்டு நில்லுங்க. சாமி பாத்துட்டு இருக்குதுங்க" என்றாள் என் அக்கா. துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் நின்ற நிற்பு புரிந்தது, கழற்றிவிட்டார். துரைக்கே அதுதான் சட்டம் என்றால் எனக்கென்ன சலுகை? நானும் செருப்பைக் கழற்றினேன். கை பழக்கத்தில் அதை ஒட்டித் திருப்பி வைத்தது. பாறை விளிம்புவரை போய்க் கண்ணை மூடினேன்.

கடற்பாசி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கத்தினார்கள். அடுத்த கணம் யாரோ பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பின்னுக்கு இழுத்தார்கள். பார்த்தால் ஹனாவின் அப்பா. மாப்பிள்ளையின் பலத்தை இந்த ஊரில் இப்படித்தான் சோதிப்பார்களோ என்று நினைத்தேன். ஓடிவந்த ஹனாதான் விளக்கினாள். உயிரை விடப் போகிறவர்கள் இந்த நாட்டில் செருப்பை இப்படி ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் குதிப்பார்களாம். அவள் அப்பா என் சட்டையை இன்னும் விடவில்லை.

எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் அவரிடம் சொன்னேன்: "அங்கே சாமி இருக்கிறது. செருப்போடு எப்படி நிற்பது?"

அவர் தன் காலைப் பார்த்தார். வைக்கோல் செருப்போடு ஓடி வந்திருந்தார். அதைக் கழற்றி என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இங்கே பெண் எடுக்கப்போகிறேன் என்று நீயே அதனிடம் சொல்லிவிடு" என்றார்.

பிறகு தீவை நோக்கிக் குனிந்து, அந்த ஊர்க் கும்பிடாக இரண்டு தரம் கை தட்டினார். நானும் அவரைப்போலவே குனிந்து கை தட்டினேன். வாயில் வந்தது என்னவோ எங்கள் மலையின் பெரியசாமி பெயர்தான். அது ஹனாவின் காதில் விழுந்துவிட்டது. என்னிடம் மட்டுமே தமிழ் கற்றவள் என்பதால் அவள் பேச்சும் கொல்லிமலைப் பேச்சுத்தான்.

"எந்தச் சாமியக் கும்புட்டீங்க?" என்றாள்.

நான் தீவின் பக்கம் கையை நீட்டினேன். தீவுக்குப் பின்னால் கடல், கடலுக்கு அப்பால் எத்தனையோ தேசம், அதற்கும் அப்பால் கொல்லிமலை. இரண்டு சாமியும் அந்தத் திசையில்தான் இருந்தன.