பன்னிரண்டே முக்காலுக்குச் சிவக்கும் புள்ளி

முத்துராமலிங்கம் அண்ணாச்சியின் கேபிள் ஆபீசுக்குப் போன் செய்கிற கொச்சி மட்டாஞ்சேரிக்காரர்கள் எல்லோருக்கும் அமுதவள்ளியின் குரல் தெரியும். முகம் தெரிந்தவர்கள் குறைவு. இணையம் நின்றுபோய்விட்டது என்று யாராவது கூப்பிட்டால், தெரு, நேரம், ஆளின் பெயர் மூன்றையும் கேட்டு ஒரு தடித்த நோட்டில் மலையாளத்தில் எழுதிக்கொள்வாள். பள்ளியில் தமிழ் ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோனது. அதன்பிறகு வீட்டுக்குள் தமிழ், வாசலுக்கு வெளியே மலையாளம். இரண்டு மொழி கைவசம் இருந்தும், எதிலும் அதிகம் பேசாத பெண்ணாகவே அவள் வளர்ந்தாள்.

அப்பா சுடலைமுத்துவுக்குத் தெருத்தெருவாகப் போய்க் குடிநீர் வால்வு திறந்துவிடும் வேலை. சின்ன வயதில் அவருடைய சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து அவளும் போவாள். அப்பா இரும்புச் சாவியைத் திருப்பியதும் காலுக்குக் கீழே எங்கோ தண்ணீர் புறப்படும். சந்தின் மறுகோடியில் ஒரு குழாய் முதலில் காற்றைத் துப்பும், பிறகு பாடத் தொடங்கும். அவளுக்கு ஊர் என்றால் கண்ணுக்குத் தெரியும் வீடுகள் அல்ல. அடியில் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று.

கேபிள் ஆபீசில் சேர்ந்த பிறகு, வேலை முடிந்ததும் படகேறி எறணாகுளம் போய்க் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தாள். லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் பழகியது அங்கேதான். இரண்டாயிரத்து ஆறில் அண்ணாச்சியின் இணைய இணைப்புகள் அறுநூறைத் தாண்டின. எந்தத் தெருவில் எது அறுந்தது என்று அவருக்கே தெரியாமல் போனது. காக்கநாட்டிலிருந்து ஒரு கம்பெனி வந்து, தூரத்திலிருந்தே எல்லாவற்றையும் தாங்கள் கவனித்துக்கொள்வதாகச் சொன்னது. அவர்கள் போன பிறகு, நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் அமுதவள்ளி சொன்னாள்.

"அதுக்கு இலவசமாவே மென்பொருள் இருக்கு அண்ணாச்சி. நானே போட்டுத் தாரேன்."

அண்ணாச்சி அவளை ஒரு நாற்காலி பேசினாற்போலப் பார்த்தார். பிறகு இரண்டு வாரம் கொடுத்தார். இரண்டாவது வெள்ளிக்கிழமை மதியம் கம்பெனிக்காரர்கள் மறுபடி வருவார்கள். அதற்குள் மென்பொருள் ஓடினால் பின்னறையும் அதிலிருக்கிற கம்ப்யூட்டரும் அவளுக்கு. இல்லையென்றால் அவள் போனுக்கே திரும்பிவிட வேண்டும்.

பின்னறைக்கு ஒரே ஜன்னல். பக்கத்துக் கிடங்குகளிலிருந்து சுக்கு வாசனை அதன் வழியாக வரும், பிற்பகலில் படகின் சங்கொலியும் வரும். மென்பொருளை ஏற்றுவதற்கே நான்கு நாள் ஆனது. வரைபடப் பக்கம் திறக்கவே மறுத்தது. படம் வரைவதற்கான ஒரு துணைக் கோப்பு அந்தக் கணினியில் இல்லை என்று கண்டுபிடித்து, அதைச் சேர்த்து, முழுவதையும் முதலிலிருந்து கட்டினாள். பிறகு மட்டாஞ்சேரியைத் தன் கையால் காகிதத்தில் வரைந்து, ஸ்கேன் செய்து திரைக்குப் பின்னணியாக வைத்தாள். எங்கெல்லாம் இணைப்புப் பெட்டி இருந்ததோ அங்கெல்லாம் ஒரு புள்ளி. மொத்தம் அறுபத்திரண்டு. உயிரோடிருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

முதல் தடவை ஓடவிட்டபோது அறுபத்திரண்டும் சிவந்தன.

லைன்மேன் சிஜு எட்டிப் பார்த்தான். "ஊரு மொத்தமும் செத்துப்போச்சோ வள்ளி? இப்பத்தான் சாயா குடிச்சிட்டு வாரேன், எல்லாரும் ஜீவனோட இருந்தாங்களே."

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. அவளே கணினியில் கட்டளை கொடுத்து ஒவ்வொரு பெட்டியாகக் கூப்பிட்டுப் பார்த்தால் எல்லாம் பதில் சொல்லின. மென்பொருள் கூப்பிட்டால் ஒன்றும் வாய் திறக்கவில்லை. அமைப்புக் கோப்பை வரி வரியாகத் திருத்தினாள், அழித்து எழுதினாள். மூன்று நாள் போயிற்று. கனவில் அவள் ஒரு சந்தில் நின்று கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது, ஓசை எழவில்லை.

காலையில் படுக்கையிலேயே விளங்கிவிட்டது. அவள் கூப்பிட்டதெல்லாம் கணினியின் முழு அதிகாரமும் உள்ள ரூட்டாக நுழைந்து. மென்பொருளோ தனக்கென்று உண்டாக்கிய ஒரு சாதாரணப் பயனர் பெயரில் ஓடியது. ஆபீசுக்கு ஓடி அந்தப் பெயரில் நுழைந்து ஒரு பெட்டியைக் கூப்பிட்டாள். அனுமதி இல்லை என்று ஒரே வரி வந்தது. முன்பு யாரோ பாதுகாப்புக்காக, பெட்டிகளைக் கூப்பிடுகிற பிங் கட்டளையை ரூட் தவிர வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி செய்துவைத்திருந்தார்கள். அந்த அனுமதியைத் திருப்பிக் கொடுத்தாள். யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு புள்ளி பச்சையானது. பிறகு கடலோரம் இரண்டு. மழைக்குப் பிறகு புல் எழுவதுபோல ஊர் மெல்லத் தளிர்த்தது. அவள் சாப்பிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தபோது, பன்னிரண்டே முக்காலுக்கு ஜூ டவுன் சுக்குக் கிடங்கின் புள்ளி சிவந்தது. அதன் வழியாக இணைப்புப் போகும் ஏழு புள்ளிகளும் கூடவே சிவந்தன. சிஜுவை அனுப்பினாள். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்து, எல்லாம் நன்றாக இருப்பதாகப் போனில் சொன்னான். திரையிலும் பச்சை. மறுநாள் அதே நேரத்தில் அதே சிவப்பு. கணினியின் கடிகாரத்தைச் சரிபார்த்தாள், பெட்டிகளைக் கூப்பிடும் இடைவெளியை மாற்றினாள். வியாழனன்றும் சிவந்தது. தன் மென்பொருள் பொய் சொல்கிறது என்று கலங்கிப்போனாள்.

வியாழன் சாயங்காலம், போகிறபோக்கில் முன்னறையிலிருந்த பழைய புகார் நோட்டைப் புரட்டினாள். ஜூ டவுன், பன்னிரண்டு ஐம்பது. ஜூ டவுன், ஒன்று ஐந்து. ஜூ டவுன், ஒரு மணி. இரண்டு வருடமாக அவளுடைய கையெழுத்திலேயே அது இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, சிஜு போனதும் சரியானது என்று எழுதியிருந்தாள். சிஜுவுக்குக் கைராசி என்று ஆபீசில் எல்லோரும் சொல்வார்கள். அவன் பெட்டியைத் தொட்டாலே போதும், இணைப்பு வந்துவிடும். சாப்பிடாமல் அவன் எங்கும் கிளம்பியதில்லை, அவன் போய்ச் சேர்வதற்குள் இணைப்புத் தானாகவே திரும்பியிருக்கும் என்பதை யாரும் யோசித்ததில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குக் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். வரைபடம் முழுப் பச்சையாக இருந்தது. அண்ணாச்சி முகத்தில் மெல்லிய பெருமை தெரிந்தது. பன்னிரண்டே முக்காலுக்குப் புள்ளி சிவந்தது. இலவசமாகக் கிடைப்பதில் இப்படித்தான் கோளாறு வரும் என்று வந்தவர்களில் ஒருவர் கனிவாகவே சொன்னார். அண்ணாச்சி அவளைப் பார்த்தார்.

அமுதவள்ளி எழுந்துகொண்டாள். "அது சரியாத்தான் சொல்லுது. வாங்க அண்ணாச்சி, நடந்தே போயிரலாம். அஞ்சு நிமிஷம்."

சாப்பிட உட்காரப்போன சிஜுவையும் சேர்த்து, வெயிலில் ஐந்து பேரும் நடந்தார்கள். அவள் முன்னால் போனாள். சுக்குக் கிடங்கின் பெரிய கதவு சாத்தியிருந்தது. வாசற்படியில் காவல்கார நாணு டிபன் பாத்திரத்தைத் திறந்துவைத்துக் கப்பைக்கிழங்கும் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கரண்ட் இருக்கிறதா என்று அமுதவள்ளி கேட்டாள்.

"மெயின் ஆஃப் செய்தாச்சு மோளே. ஆளில்லாத கிடங்கில கரண்ட் விடக் கூடாது. உள்ள முழுக்கச் சாக்கு, ஒரு தீப்பொறி போதும். பதினெட்டு வருஷமா இப்படித்தான்." அவர் மீன்முள்ளை ஒதுக்கினார். "ரெண்டு மணிக்குத் திறக்கும்போது போடுவேன்."

அண்ணாச்சியின் பெட்டி அந்தக் கிடங்கின் உள்சுவரில்தான் இருந்தது, அந்தக் கரண்டில்தான் ஓடியது. அண்ணாச்சி மெதுவாகச் சிஜு பக்கம் திரும்பினார்.

"ரெண்டு வருஷமா உன் கைராசின்னு நம்பிட்டேனேடா."

"நானும் அப்படித்தான் நம்பினேன் அண்ணாச்சி" என்றான் சிஜு.

கனிவாகப் பேசியவர் முதலில் சிரித்தார். அவர்கள் அங்கிருந்தே விடைபெற்றுக்கொண்டார்கள். திரும்பும்போது அண்ணாச்சி பாராட்டாக ஒன்றும் சொல்லவில்லை. போன் எடுக்க வேறு ஒரு பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். அமுதவள்ளிக்கு அது போதுமாக இருந்தது.

மூடிய கிடங்கில் கரண்ட் விட நாணு எந்த விலைக்கும் சம்மதிக்கவில்லை. மறுநாளே பெட்டியை எதிரே இருந்த சாயாக்கடைச் சுவருக்கு மாற்றினார்கள். முன்னறையில் மஞ்சுஷா என்ற புதுப் பெண்ணின் குரல் கேட்கத் தொடங்கியது.

திங்கட்கிழமை பன்னிரண்டே முக்கால் ஆனது. அமுதவள்ளி திரையைப் பார்த்தபடி இருந்தாள். புள்ளி பச்சையாகவே நின்றது. படகின் சங்கொலி கேட்டது. இந்நேரம் நாணு மெயினை அணைத்துவிட்டு, கதவைச் சாத்தி, படியில் உட்கார்ந்து பாத்திரத்தைத் திறந்திருப்பார். போன வாரம் நான்கு நாள் அவர் சாப்பிட உட்காருவதை இந்த அறையிலிருந்தபடியே அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், அவர்தான் என்று தெரியாமலே. இனி அது திரையில் தெரியாது.

தன் டிபன் பாத்திரத்தை எடுத்துக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தாள்.