டோக்கன் இல்லாமல் டூல் இல்லை

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் டூல் ரூம் பார்க்கிறேன். லைன்காரர்கள் ஸ்பேனர், ரெஞ்சு கேட்டு ஜன்னலுக்கு வருவார்கள். ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன். டோக்கனை வாங்கிக் கொக்கியில் மாட்டுவேன், டூலைக் கொடுப்பேன். டூல் திரும்பி வந்தால் டோக்கன் திரும்பிப் போகும். வேலை அவ்வளவுதான்.

ஜன்னல் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்தார்கள். ஏஐ என்றார்கள். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லும். அதைத் தயார் பண்ண ஒரு இஞ்சினியர் பொண்ணு வந்தது. தென்காசிப் பக்கம்.

"அண்ணாச்சி, இதுக்கு டூல் குடுக்கணும்" என்றது முதல் நாளே.

"எங்க பக்கம் அண்ணாச்சின்னா மளிகைக் கடைம்மா. எந்த சைஸ் வேணும்?"

கை தானாக அலமாரிக்குப் போய்விட்டது. அந்தப் பொண்ணு வாயைப் பொத்திச் சிரித்தது.

"அந்த டூல் இல்ல அண்ணாச்சி. இதுக்கு வாய் மட்டும்தான் இருக்கு. வெளிய என்ன நடக்குன்னு தெரியாது. ஸ்டோர் லிஸ்டைத் திறந்து பாக்க ஒரு வழி செஞ்சு குடுக்கணும். அதைத்தான் டூலுன்னு சொல்லுவோம்."

"டோக்கன் கீதா அதுக்கு?"

விளையாட்டுக்குக் கேட்டேன். இந்தத் தடவை அது சிரிக்கவில்லை.

"இருக்கு. அதுக்கும் டோக்கன்னுதான் பேரு. டோக்கன் இல்லாம எந்த லிஸ்டும் திறக்காது."

அதற்கப்புறம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். டோக்கன் தொலைந்தால்? அதை ரத்து பண்ணிவிட்டு வேறு கொடுப்பார்களாம். வேறு ஆள் கையில் கிடைத்தால்? வம்புதானாம். எங்கள் கதையும் அதேதான்.

"அது லிஸ்டை மாத்திட்டா?"

"பாக்கிறதைத் தானா பாக்கும். மாத்தணும்னா உங்களைக் கேக்கும். அப்படித்தான் வச்சிருக்கேன்."

சரி என்றேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் லைன் ஃபிட்டர் ஒருத்தன் ஜன்னலுக்கு வந்தான். ராமநாதபுரத்துக்காரன். அன்றைக்கு அவனுக்குக் கடைசி நாள். திங்கட்கிழமை ஓசூரில் புது வேலையில் சேரணும். அங்கே ரிலீவிங் லெட்டர் கேட்கிறார்கள். லெட்டர் வேணுமென்றால் டூல் ரூம் கையெழுத்து வேணும்.

அவன் டோக்கன் கொக்கியில் தொங்கியது. போல்ட்டை அளவு பார்த்து முறுக்குகிற டார்க் ரெஞ்சு ஒன்று திரும்பி வரவில்லை.

"பெஞ்சு மேல வச்சுட்டு டீ குடிக்கப் போனேன்ணே. வந்து பாத்தா இல்ல. அடுத்த ஷிப்ட்காரன் எடுத்திருப்பான்னு விட்டுட்டேன்."

"அந்த ஷிப்ட்காரன் இன்னா சொல்றான்?"

"பாக்கலங்கிறான்."

கையெழுத்துப் போட்டால் ரெஞ்சு என் தலையில். போடாவிட்டால் அவன் வேலை போச்சு. ஷிப்ட் முடிகிற வரைக்கும் தேடு என்றேன். நானும் அலமாரி, டிராலி எல்லாம் பார்த்தேன். கடைசியில் கம்ப்யூட்டரில் ரெஞ்சு நம்பரைப் போட்டு ஒற்றை விரலால் தட்டினேன். 'இந்த ரெஞ்சு எங்க கீது?'

'இது ஒரு லைன் ஃபிட்டர் பெயரில் கொடுக்கப்பட்டுள்ளது. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. டூல் ரூமில் கேட்டுப் பாருங்கள்' என்று வந்தது.

"டேய், நான்தான்டா டூல் ரூம்."

அந்த நிலையிலும் ஃபிட்டர் சிரித்துவிட்டான்.

மத்தியானம் அந்தப் பொண்ணு வந்தது. ரெஞ்சு அளவு சரியாகக் காட்டுகிறதா என்று பரிசோதிக்கிற ரூம் ஒன்று இருக்கிறது. கேலிப்ரேஷன் ரூம் என்போம். அந்த ரூம் லிஸ்டையும் ஏஐ பார்க்கிற மாதிரி அன்றைக்குச் சேர்க்கிறதாக இருந்தது. சேர்த்தது. அந்த ரூம்காரர்கள் ஒரு டூலை எடுத்துப் போனால் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அதனால் எனக்கு அந்த ரூம் நினைப்பே வரவில்லை.

"முடிஞ்சுது அண்ணாச்சி. ஏதாவது கேட்டுப் பாருங்க."

வேறு கேள்வி தோணவில்லை. காலையில் கேட்டதையே திரும்ப அடித்தேன். அதே பதில்தான் வருமா, மாறுமா என்று பார்க்க ஆசை.

மாறியது.

'இந்த ரெஞ்சு கேலிப்ரேஷன் ரூமில் இருக்கிறது. லைனிலிருந்து நேராக எடுத்திருக்கிறார்கள். ஸ்டோர் லிஸ்டில் அந்த ஃபிட்டர் பெயரை எடுத்துவிடவா?'

நான் பதில் அடிக்கவில்லை. எழுந்து நடந்தேன். டூலைக் கண்ணால் பார்க்காமல் டோக்கனை எடுத்துப் பழக்கமில்லை.

அங்கே பெட்டியில் இருந்தது. பிடியில் ஃபிட்டர் சுற்றிய நீல டேப் அப்படியே.

"செக் பண்ற தேதி முடிஞ்சிருந்துது நைனா. பெஞ்சு மேல கெடந்துது, எடுத்துகினு வந்துட்டேன். உனக்குச் சொல்ல மறந்துட்டேன்" என்றார் அந்த ரூம்காரர்.

திரும்பி வந்து 'எடு' என்று அடித்தேன். கொக்கியிலிருந்து டோக்கனை எடுத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

ஃபிட்டர் டோக்கனைக் கையில் வாங்கிப் பார்த்தான். பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"ஞாபகத்துக்குண்ணே."

"ரூல் இல்ல."

டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லெட்டர் வாங்க ஆபீஸ் பக்கம் ஓடினான்.

அந்த டோக்கனில் இருந்த அவன் நம்பரைத் தேய்த்து எடுத்தேன். கேலிப்ரேஷன் ரூம்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இது இன்னாத்துக்கு?" என்றார்.

"ஏஐக்கே டோக்கன் கீது. உனக்கு வேணாவா?" என்றேன்.