கெட்டிலைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்

என் மாமனாருக்கு இல்லாத நோய் ஒன்றை நான்தான் உண்டாக்கினேன். ஆயிரம் ரூபாய்கூடப் பெறாத ஓர் எவர்சில்வர் கெட்டிலுக்காக!

சிரிக்காதீர்கள். முழுவதும் கேட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

பத்து மாதக் குழந்தைக்குப் பால் மாவு கரைக்க வெந்நீர் வேண்டும். தேவை அவ்வளவுதான். அதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன்! உள்ளே முழுக்க எவர்சில்வரா, மூடிக்கு அடியில் பிளாஸ்டிக்கா, கொதித்ததும் தானே அணையுமா... முன்பின் தெரியாதவர்கள் கைப்பேசியில் எழுதிய குறைகளையெல்லாம் படித்தேன். ஒருவர் துருப்பிடித்தது என்பார். அடுத்தவர் அருமை என்பார். யாரை நம்புவது?

"கெட்டில் வாங்குறியா, மாப்பிள்ளை பார்க்குறியா?" என்றார் கணவர்.

மாமா மட்டும், "தஞ்சாவூர்ல தெரிஞ்ச கடையில வாங்கும்மா. ஏதாச்சும் ஆச்சுன்னா கடைக்காரன் முன்னாடி கொண்டுபோய் வைக்கலாம்" என்றார்.

கேட்டேனா? படித்தவள் அல்லவா! கைப்பேசியிலேயே, இருப்பதில் விலை குறைந்ததை வரவழைத்தேன். ஃபிரிட்ஜில் இருந்த காந்தத்தைப் பிடுங்கி அதன் வயிற்றில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. நல்ல எவர்சில்வர்தான்! அன்று எனக்கு எத்தனை பெருமிதம்...

கெட்டிலுக்கு மூன்று பின். பூதலூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டின் சமையலறையிலோ இரண்டே துளை. மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வர்ட்டர் ஒன்றைச் செருகி மாட்டிவிட்டேன். எல்லா வீட்டிலும் செய்வதுதானே?

மூன்றாம் நாள் ஈரக்கையோடு தொட்டபோது விரல் நுனியில் சுருக்கென்றது. நிஜமா, என் பயமா? பால் புட்டியை மூன்று முறை கழுவிவிட்டு நான்காம் முறை முகர்ந்து பார்க்கிறவள் நான். என்னை நானே எப்படி நம்புவது? குழந்தையை அந்தப் பக்கம் விடவில்லை. ரப்பர் செருப்பைச் சமையலறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நின்றேன். யோசித்து யோசித்தே திருப்பி அனுப்பும் கெடுவும் போய்விட்டது.

நான் செருப்புப் போட்டுக்கொண்டேன். மாமா?

விடிந்ததும் வயலுக்குப் போய் மடை பார்த்துவிட்டு, சேறு கழுவிய ஈரக்காலோடு வந்து, கடுங்காப்பிக்கு அவரே வெந்நீர் வைத்துக்கொள்வார்.

"ஏம்மா, இதைத் தொட்டா கை ஜிவ்வுங்குதே?"

கெட்டில்தான் மாமா, தொடாதீங்க... இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

"சர்க்கரையா இருக்கும் மாமா. போன வருஷம் மருத்துவ முகாம்ல பார்த்தப்ப எல்லைக்கோட்டு ஓரத்துல இருக்குன்னாங்கல்ல? விரல் நுனியிலதான் ஆரம்பிக்கும்."

என் வாயா அது! ஏன் சொன்னேன்? தெரிந்த கடையில் வாங்கியிருக்கலாம் என்று அவர் குத்திக்காட்டிவிடுவார் என்றா? அவர் அப்படிச் சொல்கிற மனிதரே அல்ல!

அதோடாவது நிறுத்தினேனா? மறுநாள் அவர் மீண்டும் கேட்டார். எங்கெங்கோ படித்ததையெல்லாம் கொட்டினேன். நரம்பு மரத்துப்போகும், காலில் சின்னப் புண் வந்தால்கூட ஆறாது, வெறுங்காலோடு நடக்கவே கூடாது...

வயல் சேற்றில் செருப்பு நிற்குமா? நத்தை ஓடோ நண்டுக் கொடுக்கோ காலைக் கிழிக்காத நாள் உண்டா? அன்று முதல் அவர் தம் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். ரத்தம் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை பழையபடி ஓரத்தில்தான் இருந்தது. "பார்த்து இருந்துக்குங்க" என்றாராம் மருத்துவர். போதாதா? சர்க்கரையை விட்டு, சோற்றைக் குறைத்துப் பத்தியம் இருக்கத் தொடங்கினார்.

அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து எலக்ட்ரீஷியனை அழைத்தேன்.

"மூணாவது பின்னு எதுக்குக்கா, அழகுக்கா வச்சிருக்கான்? எர்த் இல்லாம மாட்டினா, கசியுற கரண்ட் தரைக்குப் போக வழியில்லாம ஜிவ்வுங்கத்தான் செய்யும்."

நான் பி.எஸ்ஸி. இயற்பியல். அதை அவரிடம் சொல்லவில்லை. எர்த் கம்பி இழுத்து, மூன்று துளைப் பிளக் பாயிண்ட் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். கெட்டில் அதன்பின் சாதுவாகிவிட்டது. அதன்மேல்கூடக் குற்றமில்லை, பாருங்கள்!

"பத்தியம் வேலை செய்யுதும்மா, இப்ப கை ஜிவ்வுங்கல" என்றார் மாமா. நான் தலையாட்டினேன்.

வைகாசியில் நிலத்துக்காரர் வந்தார். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம். இருபது ஆண்டுகளாக மாமாதான் குத்தகைக்குப் பயிரிட்டு வந்தார்.

"குறுவைக்கு வழக்கம்போல நீங்களே பண்ணிடுங்க."

"வேணாங்க. வேற ஆளைப் பாருங்க. கால்ல புண்ணு வந்தா ஆறாதாம். எங்க மருமக சொல்லுச்சு. படிச்ச பொண்ணு, காரணமில்லாம சொல்லாது."

"என்னங்க இது, நாத்தங்காலுக்கே கோலம் போட்டாப்ல சுத்தமா வரப்பு வெட்டுற ஆளு நீங்க..."

மாமா சிரித்தார்.

நான் காப்பி டம்ளர்களோடு கதவருகே நின்றுகொண்டிருந்தேன். ஒரே ஒரு வாக்கியம்! அப்போது சொல்லியிருந்தால் நிலம் தங்கியிருக்கும். வெளியாள் முன்னால் எப்படிச் சொல்வது, கணவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார், நாளைக்குச் சொன்னால் ஆகாதா... எனக்குள் எத்தனை கேள்விகள்! கெட்டில் வாங்கும்போது கேட்ட கேள்விகளைவிட அதிகம். சர்க்கரை போட்ட காப்பியை நிலத்துக்காரருக்கும் போடாததை மாமாவுக்கும் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

நாளைக்கு என்பது வரவே இல்லை. நிலம் வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

இது ஆடி. அந்த ஆறு மாவும் பச்சையாக நிற்கிறது. மாமா செருப்புப் போட்டுக்கொண்டு மதகு வரை நடந்துபோய், நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார். இறங்குவதில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் என்ன கிடைக்கும் அவருக்கு? நிலமா? இல்லை, சொல்லாமலிருக்க நான் கண்டுபிடித்த இன்னொரு சாக்கா இது?

இன்று காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, இப்பல்லாம் எனக்குக் கையில ஜிவ்வுன்னு ஒண்ணுமே தெரியலையே. சரியாப் போயிருக்குமோ? அடுத்த வருஷம் கேட்டா நிலத்தைத் திருப்பிக் குடுப்பாரா?"

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"இன்னொரு தடவை ரத்தம் பார்த்துட்டு யோசிக்கலாம் மாமா" என்றேன்.

"நீ சொன்னா சரிம்மா" என்றார்.